மலை உச்சிக்கு அழைத்த குரல்

ஓமலூர் வட்டார வரலாற்றுத் தொடர்

ஓமலூரில் நின்று கிழக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். அதன் அடிவாரத்தில், சேலம் ஏற்காடு சாலையில் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனம் உருவான கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். திருச்செங்கோட்டு டி.ஆர்.சுந்தரம் அதைத் தொடங்கிய அதே ஆண்டில், கல்கத்தாவில் இன்னொரு தொடக்கம் நிகழ்ந்தது. நிதின் போஸ் இயக்கிய 'பாக்ய சக்ர' என்ற வங்காளப் படத்தில், பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு நடிகர்களை வாயசைக்க வைத்தார்கள். பாடத் தெரிந்தவர்தான் நடிக்கலாம் என்ற கட்டு தளர்ந்தது. பின்னாளில் கீதா தத், ஹேமந்த் குமார், மன்னா டே என்று வங்கத்துக் குரல்கள் இந்தியா முழுக்க ஒலித்தன.

பின்னணிப் பாட்டு என்ற அந்தக் கலை நம் சேலத்து மண்ணில் எப்படிக் கனிந்தது என்பதற்குச் சாட்சி, திருச்சி லோகநாதன்.

1924-இல் திருச்சி மலைக்கோட்டைப் பகுதியில் பிறந்தவர். அவருக்கு அழியாப் பெயர் தந்தது 1950-இல் வெளியான 'மந்திரி குமாரி'. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையைத் தழுவி மு.கருணாநிதி எழுத, எல்லிஸ் ஆர்.டங்கனும் டி.ஆர்.சுந்தரமும் இயக்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படம். இசை ஜி.ராமநாதன்.

எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்த அந்தப் படத்தில், காலத்தை வென்ற பாட்டு வில்லனுக்குப் போனது. ராஜகுருவின் மகன் பார்த்திபன் இரவில் கொள்ளைக்காரன். தன் குட்டு தெரிந்துவிட்ட மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிடத் திட்டமிடுகிறான். எஸ்.ஏ.நடராஜனும் மாதுரி தேவியும் நடித்த அந்தக் காட்சிக்கு மருதகாசி எழுதியதுதான் 'வாராய் நீ வாராய்'. லோகநாதனுடன் பாடியவர் ஜிக்கி. அப்போது அவருக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை.

லோகநாதனின் குரலைக் கவனித்துக் கேளுங்கள். கொலைகாரன் பாடுகிறான், ஆனால் குரலில் கடுமையோ அவசரமோ கிடையாது. காதலன் கூப்பிடுகிற கனிவுதான் இருக்கிறது. குரல் சற்றே மிரட்டியிருந்தாலும் அவள் கூடப் போயிருக்க மாட்டாள், காட்சியே பொய்யாகியிருக்கும். உச்சியில் உண்மை தெரிந்ததும், கணவனை வலம் வருவதாகச் சொல்லி அவனையே அவள் தள்ளிவிடும்போது அரங்கம் அதிர்ந்ததற்கு, அதுவரை அந்தக் குரல் கட்டிக் காத்த இனிமையும் ஒரு காரணம். முகம் காட்டாமலே நடிப்பதுதான் பின்னணிப் பாட்டு என்றால், அதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழில் இல்லை.

அடுத்த பத்தாண்டுகள் அவருடையவை. 1957-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'ஆரவல்லி'யில் 'சின்னக்குட்டி நாத்தனா' என்று துள்ளினார். அதே ஆண்டு 'மாயாபஜாரி'ல் எஸ்.வி.ரங்காராவின் கடோத்கஜனுக்காக 'கல்யாண சமையல் சாதம்' பாடினார். 1958-இல் 'தை பிறந்தால் வழி பிறக்கும்' படத்தில் 'ஆசையே அலைபோலே'. கனிவு, கிண்டல், கம்பீரம், தத்துவம் என எல்லாமே ஒரே தொண்டையிலிருந்து வந்தன.

'தூக்குத் தூக்கி' படத்தில் பாட அவரைக் கேட்டபோது, சம்பளம் ஒத்துவராததால் டி.எம்.சௌந்தரராஜனைக் கைகாட்டினார் என்று திரையுலகில் சொல்வார்கள். 1954-இல் வந்த அந்தப் படம்தான் டி.எம்.எஸ்.ஸை சிவாஜியின் குரலாக நிலைநிறுத்தியது.

லோகநாதன் 1989-இல் மறைந்தார். பிள்ளைகள் டி.எல்.மகராஜனும் தீபன் சக்கரவர்த்தியும் பாடகர்களாகவே வந்தார்கள். 1980-இல் 'நிழல்கள்' படத்தில் 'பூங்கதவே' பாடியவர் தீபன்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் சுந்தரத்தையும் எம்.ஜி.ஆரையும் கருணாநிதியையும் நினைக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் 'மந்திரி குமாரி'யை எழுபது ஆண்டுகள் தாண்டியும் ஊர் ஊராகச் சுமந்து வந்தது ஒரு பாட்டு. அடுத்த முறை அது வானொலியில் வந்தால், பாடியவர் திருச்சி லோகநாதன் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

(தொடரும்)