தன்னுதவிக் கல்வியும் தொழிலாளர் சேமிப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளியை அல்லும் பகலும் வாட்டியது பணக்கவலை. வாரக் கூலி வாரத்துக்குள் கரைந்துவிடும். ஆலை மூடினாலோ, நோய் கண்டாலோ கடன் வாங்க வேண்டும். கடனும் கிடைக்காவிடில் 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி அமைந்த விடுதியே கதி. அங்கே கணவன் ஒரு புறம், மனைவி ஒரு புறம், மக்கள் மற்றொரு புறம் எனப் பிரித்து வைக்கப்பட்டனர். பட்டினியினும் அவ்விடுதிக்கே மக்கள் மிகுதியும் அஞ்சினர் என்றால் வியப்பில்லை.

இத்தகைய காலத்தில் லீட்ஸ் நகரின் ஏழை இளைஞர் இரண்டு மூவர், தம் நிலையை உயர்த்திக்கொள்ள எண்ணி, அவர்களுள் ஒருவர் குடியிருந்த சிறு வீட்டில் மாலைதோறும் கூடினர். சிறிது கற்றவர் அதனினும் குறையக் கற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பது என்பதே ஏற்பாடு. கூட்டம் பெருகவே, கோடைக் காலத்தில் வகுப்பு தோட்டத்துக்கு மாறியது. திடீரென்று மழை பெய்தால் கல்பலகையில் போட்ட கணக்கெல்லாம் அழிந்துபோகும். கல்பலகை பிடித்துப் பழகியவர்களுக்கு இத்துன்பம் நன்கு விளங்கும். குளிர்காலம் வந்ததும் ஓர் அறையைத் தேடினர். முன்பு தற்காலிகக் காலரா மருத்துவமனையாக இருந்ததால் யாரும் குடிவர அஞ்சிய இருண்ட கூடம் ஒன்று கிடைத்தது. அதையே வாடகைக்கு எடுத்தனர். எழுத்து, கணக்கு, பூகோளம் எனத் தொடங்கிய அவ்வகுப்பில் ஏறத்தாழ நூறு பேர் சேர்ந்தனர்.

அவர்களே சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பாரிடம் சென்று, தங்கள் முன் பேசுமாறு வேண்டினர். ஸ்மைல்ஸ் 1812-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், மருத்துவம் கற்றவர், 1838-இல் ஒரு செய்தித்தாளின் ஆசிரியராக லீட்ஸுக்கு வந்தவர். அவருடைய தந்தையும் 1832-இல் காலராவுக்கே பலியானார். தாயார் கடை நடத்திப் பெரிய குடும்பத்தைக் காத்தார். ஆகவே பணமுடை இன்னதென்று அவர் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். 1845-இல் அவ்விளைஞரிடையே அவர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து வளர்ந்ததே 'தன்னுதவி' என்னும் நூல். 1855-இல் ஒரு பதிப்பகத்தார் அதனை வேண்டாமென்றனர். 1859-இல் வெளிவந்தபோது முதலாண்டிலேயே இருபதினாயிரம் படிகள் விற்றன. 1871-இல் ஜப்பானிய மொழியிலும் வெளிவந்தது.

வறுமைக்கு வறியவனே காரணம் என்று போதித்தவர் என ஸ்மைல்ஸைக் குறை கூறுவோர் உளர். 1875-இல் அவர் எழுதிய 'சிக்கனம்' என்ற நூலைப் படிப்போருக்கு அக்குறையில் ஓரளவு உண்மை இருப்பது தெரியும். வரவு செலவுக் கணக்கு எழுது, கடனுக்குப் பொருள் வாங்காதே என்ற அறிவுரை நல்லதுதான். ஆனால் மிச்சம் பிடித்த ஒரு பெனியை எங்கே கொண்டுபோய் வைப்பது? சேமிப்பு பாங்குகள் சிலவே இருந்தன. அவற்றுள் பல வாரத்தில் சில மணி நேரமே திறந்திருந்தன. மதுக்கடையோ தெருவுக்குத் தெரு திறந்திருந்தது. தன்னுதவி என்ற பெயரைப் பெற்ற அவ்வகுப்பே பிறருதவியால் நடந்தது என்பதை நூலைப் போற்றியோரும் தூற்றியோரும் ஒருங்கே மறந்தனர்.

இவ்விடரைக் கண்டவர் ஹடர்ஸ்பீல்டு நகரின் பாங்கு ஊழியர் சார்லஸ் வில்லியம் சைக்ஸ். தொழிலாளர் கல்விக் கழகங்களை ஒட்டியே பெனி பாங்குகளை அமைக்கலாம் என்று 1850-இல் அவர் எழுதினார். கற்கும் இடத்திலேயே காசையும் சேர்க்கலாம் என்பது அவர் கருத்து. பின்னர் 1859-இல், நாடெங்கும் உள்ள அஞ்சல் நிலையங்களையே சேமிப்பு பாங்காக்கலாம் என நிதியமைச்சர் கிளாட்ஸ்டனுக்கு எழுதினார். 1861-இல் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு செப்டம்பர் 16-இல் பாங்கு திறக்கப்பட்டது. ஒரு ஷில்லிங்கே குறைந்த தொகை. வட்டி நூற்றுக்கு இரண்டரை. பணத்துக்கு அரசாங்கமே பொறுப்பு. ஓர் ஊரில் கட்டியதை மற்றோர் ஊரில் பெறலாம். வேலை தேடி ஊர் ஊராய்ச் சென்ற தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஒரு ஷில்லிங்கை ஒருசேரக் கட்ட இயலாதவர்களுக்காக 1880-இல் மற்றொரு வழியும் வந்தது: பெனித் தபால்தலைகளை ஒரு தாளில் ஒவ்வொன்றாக ஒட்டிவந்து, பன்னிரண்டு சேர்ந்ததும் கட்டிவிடலாம்.

இதே முறையில் சிங்கப்பூரிலும் அஞ்சல் நிலையச் சேமிப்பு பாங்கு 1877 ஜனவரி முதல் நாள் தொடங்கப்பெற்றது.