ராஜாளிய தளமும் ஒரு மணி நேரமும்

புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போகும் நம்மவர்கள் பாலாவி விமானப்படை முகாமைக் கடந்தே செல்கின்றனர். இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது அங்கு பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமொன்று இயங்கியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ராஜாளிய'. கழுகினப் பறவையைக் குறிக்கும் சிங்களச் சொல் அது. நமது 'இராசாளி'க்கு உறவானது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. இலங்கை முழுவதுமே ஒரு பெரும் படைத்தளமாக மாறிற்று. பாலாவித் தளம் 1943இல் இயங்கத் தொடங்கியது.

படைத்தளம் படைவீரரால் மட்டும் நடப்பதில்லை. காடு வெட்டவும், கான் தோண்டவும், சமைக்கவும், உடுப்பு வெளுக்கவும், தச்சு வேலை பார்க்கவும் ஊர்க்கைகள் வேண்டும். ஆனால் இக்கரையோர மக்களின் தொழிலை அதுவரை நடத்தியது இயற்கையே. கச்சான் காற்றில் கடல் கொந்தளித்தால் தோணி கரையேறும். மழை விழுந்தால் உப்பளம் ஓயும். முகாம் வேலையோ காற்றையும் மழையையும் கேட்பதில்லை. வாசலில் காவல், உள்ளே மணி, அந்நிய மொழியில் கட்டளை. இவற்றுக்குப் பழகினால்தான் கூலி.

அந்த மணியிலும் ஒரு மாற்றம் வந்தது. 1942 ஜனவரியில் நாட்டின் நேரம் அரை மணி முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் அது ஒரு மணியாயிற்று. 1945 ஒக்டோபர் வரை இந்நிலை நீடித்தது. புத்தளத்தில் சூரியன் உச்சியில் நிற்பது இன்றைய கடிகாரப்படி ஏறத்தாழ 12.10க்கு. யுத்த நேரப்படி அது 1.10. ளுஹர் தொழுகை சூரியனோடு நின்றது. வேலை மணி கடிகாரத்தோடு போயிற்று. முகாமில் வேலை செய்த முஸ்லிம் தொழிலாளிக்கு, குறிப்பாக வெள்ளிக்கிழமைகளில், இது சிறிய விடயமல்ல.

பாலாவியில் கோர்செயார் விமானங்கள் சேற்றில் புதைந்தபோது யானைகளைக் கொண்டு இழுத்தெடுத்தார்கள். விமானத்தை இழுக்கும் யானையின் புகைப்படத்தை வெளிநாட்டு நூல்கள் விருப்பத்தோடு அச்சிடுகின்றன. பக்கத்தில் நிற்கும் பாகனுக்குப் பெயரில்லை. விமான அணிகளின் இலக்கங்களைத் தவறாது எழுதியவர்களுக்கு, கான் தோண்டியவர்கள் வெறும் 'கூலிகள்'.

1945இல் யுத்தம் முடிந்தது; ராஜாளிய மூடப்பட்டது. திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபர் 15இலும், கட்டுநாயக்க விமானத் தளம் நவம்பர் 1இலும் இலங்கையிடம் கையளிக்கப்பட்டன. சுதந்திர நாட்டுக்கு அவை பெருமைக்குரிய நாட்கள்தான். ஆயினும், ஒவ்வொரு தளமும் கைமாறும்போது அல்லது மூடப்படும்போது, அதை நம்பி அடுப்பெரித்த வீடுகள் அடுத்த மாதத்தை எண்ணிக் கலங்கியிருக்கும். மாதச் சம்பளத்துக்குப் பழகியவன் மீண்டும் காற்றையும் வெயிலையும் நம்பிப் பிழைக்கப் பழக வேண்டும்.

அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் நமது வகுப்பறைகளில் படித்தவர்கள். பெட்டியடியில் பழைய வேலைத் துண்டோ, சம்பளச் சீட்டோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள பெயர்கள் எந்தச் சரித்திர நூலிலும் இன்னும் ஏறவில்லை.