முற்றுப்பெறாத ஆட்டங்களும் அவற்றின் பதிப்பாசிரியர்களும்

2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையைப் போர்ட் பிளேருடனும் மேலும் ஏழு தீவுகளுடனும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதுவரை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. வீடியோ கேம்களின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இந்த நாளைக் குறிப்பதில்லை. ஆனால் அந்த வரலாற்றின் அடிப்படைக் கேள்வி ஒன்றை இந்தத் தீவுகளில் நின்று பார்த்தால்தான் தெளிவாகக் காண முடியும்: ஓர் ஆட்டத்தின் மூலபாடம் எது?

இணையம் பரவிய பின், விளையாட்டுகளை முடிக்காமலே வட்டில் பதித்து விற்று, எஞ்சிய வேலையைப் 'பேட்ச்' எனப்படும் திருத்தக் கோப்புகளாகப் பின்னர் அனுப்பும் வழக்கம் உருவாயிற்று. அகன்ற இணைப்பு உள்ள ஊரில் இது ஒரு மணி நேரக் காத்திருப்பு. அது இல்லாத ஊருக்கோ, சென்னையிலிருந்து கப்பலேறி வந்த வட்டில் என்ன இருக்கிறதோ அதுவே முழு நூல். முற்றுப்பெறாத படைப்பை முற்றுப்பெறாததாகவே வாசிக்க நேரும் வாசகர் அங்கேதான் இருக்கிறார்.

இவ்வகையில் 2004ஆம் ஆண்டின் இறுதி குறிப்பிடத்தக்கது. நவம்பர் 16 அன்று டிராய்க்கா நிறுவனத்தின் 'வேம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்' வெளிவந்தது. டிசம்பரில் அப்சிடியன் நிறுவனத்தின் 'ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக் 2' எக்ஸ்பாக்ஸ் கருவிக்கும், 2005 பிப்ரவரியில் கணினிக்கும் வந்தது. இரண்டுமே பெருமுயற்சிகள். இரண்டும் அரைகுறையாகவே கடைக்கு வந்தன.

இரண்டாவதன் மையப் பாத்திரம் கிரேயா என்னும் முதியவள். நர் ஷாடா என்னும் நகரில் ஓர் இரவலன் கையேந்துகிறான். ஆட்டக்காரர் பணம் கொடுத்தால், அந்தப் பணத்துக்காகவே அவன் இன்னொருவனால் தாக்கப்படுகிறான். மறுத்தால், அவனே மற்றொருவனைத் தாக்குகிறான். எதைச் செய்தாலும் கிரேயா கண்டிக்கிறாள். நன்மை தீமைகளை மதிப்பெண்ணாகக் கூட்டிக் கழிக்கும் ஒரு விளையாட்டு மரபுக்குள் இருந்துகொண்டே அம்மரபை விசாரணைக்கு உட்படுத்தும் பாத்திரம் அவள். முறையாக முடிக்கப்பட்டுப் பரிசுகளும் பெற்ற பல ஆட்டங்களில் இத்தகைய எழுத்தைக் காண முடியாது.

ஆனால் விழாக்கால விற்பனையைத் தவறவிட முடியாத நெருக்கடியில், கதையின் இறுதிப் பகுதி சிதைந்தது. மலகோர் என்னும் கோளில் உடன்வந்த தோழர்கள் பலர் என்ன ஆனார்கள் என்பதே சொல்லப்படவில்லை. கதை நெடுகக் கொலைகார இயந்திரங்கள் குறுக்கிடுகின்றன. அவை உருவாகும் ஆலைக்குச் செல்லும் பகுதி நீக்கப்பட்டிருந்தது. எனினும் நீக்கியவற்றை எவரும் முழுமையாக அழிக்கவில்லை. உரையாடல் வரிகளும், நடிகர்கள் பேசிப் பதிவான ஒலிகளும் அணுக வழியின்றி அதே வட்டில் கிடந்தன.

அவற்றைக் கண்டெடுத்தவர்கள் ஆட்டக்காரர்களே. முதலில் முயன்ற குழு இடையில் நின்றுபோனது. அடுத்து வந்த சிறு குழு பல ஆண்டுகள் உழைத்து, சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தி மீட்புப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. ஆலைப் பகுதி மீண்டது. தோழர்களின் முடிவுகளில் சில மீண்டன. ஆனால் ஒரு முழுக் கோளின் கதையை அக்குழு சேர்க்கவில்லை. அதில் எஞ்சியவை மிகக் குறைவு. சேர்ப்பதானால் புதிதாக எழுத வேண்டியிருக்கும். அந்தக் கோள் பின்னர் தனித் தொகுப்பாகவே வந்தது.

தமிழ் மாணவர்களுக்கு இந்தத் தயக்கம் பழக்கமானது. 1904இல் உ.வே.சாமிநாதையர் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. நூல் எட்டுப் பத்துகளோடுதான் அச்சேறியது. இடைவெளி இடைவெளியாகவே நின்றது. மறுபுறம், பாணபட்டர் முடிக்காமல் விட்ட காதம்பரியை அவர் மகன் எழுதி முடித்தார். முன்னது எழுதப்பட்டுத் தொலைந்தது, பின்னது எழுதப்படவே இல்லை என்னும் வேறுபாடு உண்டு. விளையாட்டுகள் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன: எழுதப்பட்டவை, ஆனால் கோக்கப்படாதவை.

பிளட்லைன்ஸ் ஆட்டத்தில் இந்த இரு வழிகளும் ஒரே கோப்புக்குள் அமைந்துவிட்டன. டிராய்க்கா 2005இல் மூடப்பட்டதால் திருத்துவதற்கு நிறுவனமே இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த வேதியியலாளர் ஒருவர் அப்பணியை ஏற்றுப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்தார். அவருடைய பேட்சை நிறுவும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று வழுக்களை மட்டும் களைவது. மற்றொன்று நீக்கப்பட்டவற்றை மீட்டுச் சில மாற்றங்களையும் செய்வது. (தொல்காப்பியம் கற்றவர்களுக்கு 'வழுவமைதி' நினைவுக்கு வரலாம். சில வழுக்களை ரசிகர்கள் திருத்தவே கூடாது என்று வாதிடுவதுண்டு.) இந்த ஆட்டத்தின் முற்பகுதி இன்றும் ஈடற்றது. ஓஷன் ஹவுஸ் என்னும் பாழ்விடுதியில் சண்டையே இல்லை; அச்சம் மட்டுமே. பிற்பகுதியோ சாக்கடைகளும் சண்டைகளுமாகச் சலிப்பூட்டுகிறது. நேரம் போதாதபோது ஸ்டூடியோக்கள் முதலில் இழப்பது பேச்சையும் எழுத்தையும்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1996இல் வந்த 'டாகர்ஃபால்' வேறு வகை. நிரலே வரைந்த பரந்த நிலப்பரப்பு, ஏறத்தாழ 15,000 இடங்கள், எண்ணற்ற வழுக்கள். ரசிகர்கள் அதைப் புதிய இயந்திரத்தில் மறுபடி கட்டியெழுப்பினர்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொழியியலுக்கும் இது அந்நியமானதன்று. கமோர்தாவில் பணியாற்றிய டேனிஷ்காரர் டி ரோப்ஸ்டார்ஃப் 1883இல் கொல்லப்பட்டார். அவர் கைப்படியாக விட்டுச்சென்ற நன்கவுரி வழக்கின் அகராதியை அவர் மனைவி பதிப்பித்து 1884இல் கொல்கத்தாவில் வெளியிட்டார். ஆசிரியர் அச்சில் காணாத அந்த நூலை நிக்கோபாரிய மொழிகளின் ஆய்வாளர் இன்றும் புரட்டுகின்றனர். எவர் கை எங்கே பட்டது என்னும் கேள்வியோடு புரட்டுகின்றனர்.

விளையாட்டு ஆய்வுகளில் இந்தக் கேள்வி அரிதாகவே எழுகிறது. 'கிரேயாவின் அறம்' பற்றிக் கட்டுரை எழுதுபவர் 2005இன் வட்டை ஆடினாரா, மீட்புப் பதிப்பையா என்று சொல்வதில்லை. 2015இல் ஸ்டீம் தளத்துப் பதிப்பு புதுப்பிக்கப்பட்டபின், மீட்புப் பதிப்பை ஒரே சொடுக்கில் சேர்த்துக்கொள்ள முடிகிறது. அதனால் இந்த வேறுபாடு பலர் கண்ணுக்கே தெரியாமற்போனது. கதையின் முடிவே மாறுபடும் இரண்டு பாடங்களை ஒரே பெயரால் மேற்கோள் காட்டுவது ஏட்டு ஆய்வில் ஏற்கப்படாது. ஆட்ட ஆய்விலும் பதிப்பின் பெயரையும் எண்ணையும் குறிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

வணிகத்தின் நம்பகத்தன்மையைப் பார்த்தாலும் இதற்குத் தேவை உண்டு. 2022இல் அதே ஆட்டம் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு வந்தபோது, நீக்கப்பட்ட பகுதிகள் பின்னர் இலவசமாகச் சேர்க்கப்படும் என்று ஆஸ்பைர் நிறுவனம் விளம்பரம் செய்தது. வெளியானதும், கதையை முடிக்கவே விடாத வழு ஒன்று அதில் இருப்பது தெரிந்தது. பேட்ச் அனுப்பி அதைச் சரிசெய்தார்கள். 2023 ஜூனில் மீட்புப் பகுதி வராது என்று அறிவித்தார்கள். கணினியில் ரசிகர்கள் ஊதியமின்றித் தொகுத்த பதிப்பு இப்போதும் கிடைக்கிறது. கடலடி வடத்தின் வழியே ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்ட போர்ட் பிளேருக்கும் அது இறங்குகிறது.