ஈசிஆர் ட்ரிப் பிளானும் கிழக்கே பார்த்த ஊர்களும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த எபிசோட் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல ஆரம்பிக்குது.

காலேஜ் முடிச்சதுல இருந்து எங்க வாட்ஸ்அப் குரூப்ல "போலாம்டா, போலாம்டா"னு மட்டும் பேசிக்கிட்டிருந்த ஒரு ட்ரிப் இருக்கு. நாலு பேர், ஒரு கார். சென்னையில கிளம்பி, கடலை இடது கைப் பக்கமா வச்சுக்கிட்டு, தனுஷ்கோடி வரைக்கும். சுமார் 600 கிலோமீட்டர். போன மாசம் ஒருவழியா முடிவு பண்ணோம். ஷீட் போடுற வேலை வழக்கம்போல என் தலையில. ஊர், தூரம், சாப்பாடு, ரூம், எவ்வளவு நேரம்னு வரிசையா காலம் போட்டேன். மாமல்லபுரம் 2 மணி நேரம். பாண்டிச்சேரி ஒரு ராத்திரி. தரங்கம்பாடி 45 நிமிஷம். நாகப்பட்டினம், சுனாமி நினைவிடம், 10 நிமிஷம்.

ஷீட்டை குரூப்ல போட்டதும் ரெண்டு பேர் தம்ஸ் அப். மூணாவது ஆள் நாகை பக்கத்துல ஒரு மீனவ கிராமத்துக்காரன். அவன்கிட்ட இருந்து ராத்திரி போன் வந்துச்சு.

"அந்தப் பத்து நிமிஷத்தை எடுத்துரு மாப்ள. இல்லன்னா ஒழுங்கா நேரம் குடு."

நான் சாரி சொன்னேன். அவன் கோபமா எல்லாம் இல்ல. கொஞ்ச நேரம் பேசிட்டு இன்னொண்ணும் சொன்னான். "நீ போட்டிருக்க மாதிரி மேல இருந்து கீழ எங்க ஊர்ல யாரும் போனதில்லடா. எங்க தாத்தா மெட்ராஸையே பார்த்ததில்ல. ஆனா பினாங்கு போயிருக்கார்."

அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடல. இந்த எபிசோட் முழுக்க அந்த வரிக்கான விளக்கம்தான்.

ரோடு ரொம்பப் புதுசு

ஈசிஆர்ல ஓட்டும்போது அந்த ரோடு எப்பவுமே அங்கதான் இருந்த மாதிரி தோணும். கிடையாது. சென்னை-பாண்டிச்சேரி ஈசிஆர் இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச உருவத்துக்கு வந்தது 1990-களின் கடைசியில. அதாவது, கிட்டத்தட்ட என் வயசு.

அதுக்கு முன்னாடி ஏன் இல்ல? மேப்பை ஜூம் பண்ணிப் பாருங்க. முட்டுக்காடுல உப்பங்கழி. கல்பாக்கம் தாண்டினா பாலாறு. அப்புறம் பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், காவிரியோட கிளைகள். இந்தக் கரையில வடக்கு-தெற்கா போகணும்னா ஒவ்வொரு ஆத்தையும் அது கடல்ல சேர்ற இடத்துல, அதோட அகலமான, மணல் மாறிக்கிட்டே இருக்கிற இடத்துல தாண்டணும். பாலம் கட்ட காசும் டெக்னாலஜியும் இல்லாத காலத்துல யாரும் அந்த வேலையை வச்சுக்க மாட்டாங்க. அதனால பழைய தரைவழிகள் உள்நாட்டுலயே போச்சு.

கரையோரமா போக ஒரு வழி மட்டும் இருந்துச்சு. பக்கிங்காம் கால்வாய். 1806-ல மெட்ராஸுக்கும் எண்ணூருக்கும் நடுவுல கோக்ரேன்ங்கிற வியாபாரி வெட்ட ஆரம்பிச்சு, பிறகு கொஞ்சம் கொஞ்சமா நீண்டு, வடக்கே ஆந்திரக் கரையில இருந்து தெற்கே மரக்காணம் வரைக்கும் வந்துச்சு. மெட்ராஸ் நகரத்துக்குள்ள கூவத்தையும் அடையாற்றையும் இணைச்ச பகுதி, 1876-78 பெரும் பஞ்சத்துல பட்டினியில இருந்த மக்களை வச்சு வெட்டினது. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபுவோட பேர் அதுக்கு. சோத்துக்கு மண் சுமந்தவங்க பேர் எதுவும் அதுல இல்ல. விறகு, உப்பு, நெல்லுன்னு படகுல போய்க்கிட்டிருந்த அந்தத் தண்ணி மேலதான் இன்னைக்குச் சென்னையில பறக்கும் ரயிலோட தூண்கள் நிக்குது.

ஆத்து வாய்தான் அட்ரஸ்

இப்போ ஸ்டாப் லிஸ்டைத் திரும்பப் பாருங்க. ஒரு பேட்டர்ன் தெரியும். சதுரங்கப்பட்டினம் பாலாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்துல. அரிக்கமேடு அரியாங்குப்பம் ஆத்தோரம். கடலூர் கெடிலத்துல. பரங்கிப்பேட்டை வெள்ளாத்துல. காரைக்கால் அரசலாத்துல. நாகப்பட்டினம் கடுவையாத்துல.

ஒவ்வொரு ஊரும் ஒரு ஆத்து வாயில உட்கார்ந்திருக்கு. அந்த ஆறு மேற்கே உள்நாட்டுல இருக்கிற நெசவு ஊர்களுக்கும் நெல் வயல்களுக்கும் போகும். கிழக்கே கடல். ஊரோட வாழ்க்கை இந்த ரெண்டுக்கும் நடுவுல. துணி மேற்கே இருந்து வரும், கப்பல் கிழக்கே இருந்து வரும். வடக்கேயும் தெற்கேயும் இருக்கிற பக்கத்து ஊர்? அது பெரும்பாலும் போட்டிக்காரன்.

நாம வடக்கு-தெற்கா ஓட்டுறோம். அந்த ஊர்கள் கிழக்கு-மேற்கா வாழ்ந்துச்சு. நாம வாழ்க்கைக்குக் குறுக்கே ஓட்டிக்கிட்டுப் போறோம்.

அரிக்கமேட்டுல 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ ரோமானியப் பேரரசுல இருந்து வந்த மதுச் சாடிகளும் மண்பாண்டங்களும் கிடைச்சுது. ஏறக்குறைய 2000 வருஷம் முன்னாடி அந்த ஆத்தங்கரையில மணி செஞ்சவங்களுக்கு மத்தியதரைக் கடல் ஒரு மார்க்கெட். சதுரங்கப்பட்டினத்துல டச்சுக்காரங்க துணி வாங்கக் கோட்டை கட்டினாங்க. இப்போ அந்தக் கோட்டைக்குப் பக்கத்துல கல்பாக்கம் அணுமின் நிலையம்.

கடலூர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1690-ல இங்கிலீஷ் கம்பெனி மராத்தியர்கள்கிட்ட இருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்குது. அதோட எவ்வளவு நிலம்? கோட்டையில இருந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு. குண்டு விழுந்த எல்லைக்குள்ள இருந்த கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு. அந்தக் கிராமங்கள்ல இருந்தவங்களை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. 1746-ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சப்போ, இந்தக் கோட்டைதான் கொஞ்ச வருஷம் கம்பெனிக்கு இந்தக் கரையில தலைமையிடம். பாண்டியில இருந்து கார்ல அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவு பக்கத்துல ரெண்டு எதிரிகள்.

எந்த மாசம் போறது?

குரூப்ல பெரிய சண்டை இதுக்குத்தான். ஒருத்தன் தீபாவளி லீவுல போலாம்னான். வேணாம்னு சொல்ல எனக்கு 1746 உதவிச்சு.

இந்தக் கரைக்கு இயற்கைத் துறைமுகம்னு பெருசா எதுவும் கிடையாது. நேரா அலை அடிக்கிற மணல் கரை. பெரிய கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகுல கரைக்கு வரணும். அந்தப் படகுல ஆணி கிடையாது. பலகைகளைக் கயித்தால தைச்சிருப்பாங்க. அலை அடிக்கும்போது படகு வளைஞ்சு கொடுக்கும், உடையாது. எங்க பாஷையில சொன்னா, ஃபெயிலியர் வரும்னு தெரிஞ்சே பண்ண டிசைன்.

ஆனா வடகிழக்குப் பருவமழைக்கு எந்த டிசைனும் தாங்காது. அதனால 18-ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ் போர்க்கப்பல்கள் அக்டோபர் வந்தா இந்தக் கரையை விட்டே கிளம்பி பம்பாய் பக்கம் போயிடும். 1746 செப்டம்பர்ல மெட்ராஸைப் பிடிச்ச பிரெஞ்சு தளபதி லா பூர்தொனே அக்டோபர்லயும் அங்கேயே இருந்தார். மாச நடுவுல ஒரு ராத்திரி அடிச்ச புயல்ல அவரோட கப்பல்கள் சில மூழ்கிடுச்சு, மத்தது பாய்மரம் இழந்துச்சு. அதோட அவர் இந்தக் கரையை விட்டே போயிட்டார்.

நாங்க பிப்ரவரின்னு முடிவு பண்ணோம்.

தரங்கம்பாடிக்கு 45 நிமிஷம் பத்தாது

1620-ல தஞ்சாவூர் நாயக்கர் ரகுநாதருக்கும் டென்மார்க்குக்கும் ஒப்பந்தம். அந்த வருஷமே டேனிஷ் கோட்டை எழும்ப ஆரம்பிக்குது. 1706-ல சீகன்பால்க் வந்து இறங்குறார். சில வருஷத்துல இங்க தமிழ் எழுத்துல அச்சடிக்கிற பிரஸ் ஓடுது, 1715-க்குள்ள புதிய ஏற்பாடு முழுசும் தமிழ்ல வந்தாச்சு. அப்படிப்பட்ட ஊரை 1845-ல டென்மார்க் பிரிட்டிஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போயிடுச்சு.

அதுக்கப்புறம் ஊரை அமைதியாக்கினது ரயில். மெட்ராஸ்ல 1856-ல ராயபுரத்துல இருந்து கிளம்பின முதல் ரயில் பாதை எங்க போச்சு? மேற்கே, வாலாஜாவுக்கு. 1861-ல நாகப்பட்டினத்துல இருந்து போட்ட பாதை? அதுவும் மேற்கே, தஞ்சாவூர் வழியா திருச்சிக்கு. ரயிலும் ஆத்து மாதிரியேதான் ஓடுச்சு. யாருக்கு ரயில் வந்துச்சோ அந்தத் துறைமுகம் பிழைச்சுது. தரங்கம்பாடிக்கு ரொம்பத் தாமதமா வந்த மீட்டர்கேஜ் பாதையும் 1986-ல மூடியாச்சு. இன்னைக்கு அங்க நாம ரசிக்கிற அமைதி, வேலை போன ஊரோட அமைதி. கடற்கரையில இருக்கிற மாசிலாமணி நாதர் கோயிலோட ஒரு பகுதியைக் கடலே எடுத்துக்கிட்டு இருக்கு.

நாகை

இப்போ நண்பனோட தாத்தா கதைக்கு வரலாம்.

நாகப்பட்டினம் கிழக்கே பார்க்கிறது நேத்து ஆரம்பிச்சது இல்ல. ராஜராஜ சோழன் காலத்துல, சுமார் 1006-ல, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்ரீவிஜய மன்னர் இங்க ஒரு புத்த விகாரம் கட்டினார். சூடாமணி விகாரம். அதோட செலவுக்கு ஆனைமங்கலம்ங்கிற ஊரோட வருமானத்தை ராஜராஜன் எழுதிக் கொடுத்தான். அந்தச் செப்பேடு பின்னாடி நெதர்லாந்துல லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால, அதுக்கு லெய்டன் செப்பேடுன்னே பேர். புத்த விகாரத்தோட மிச்சமா நின்ன கோபுரத்தை 1867-ல இடிச்சுட்டாங்க.

ஆனா கிழக்கு வழி மூடல. 1920-கள்ல இருந்து 1970-கள் வரைக்கும் 'ரஜூலா'ன்னு ஒரு கப்பல் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடுச்சு. கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போனவங்க ஏறின கப்பல். நண்பனோட தாத்தா அதுலதான் போய் மூணு வருஷம் இருந்துட்டு வந்திருக்கார். அவருக்குப் பினாங்கு ஒரு டிக்கெட் தூரம். மெட்ராஸுக்குப் போக அவருக்கு ஒரு காரணமும் இருந்ததில்ல.

அந்தக் கப்பல் நின்னதும் ஊருக்கு மிச்சம் இருந்த கிழக்கு, மீன்பிடிக் கடல் மட்டும்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலை. நாகை மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல இறந்தாங்க. இவனுக்கு அப்போ ஏழு வயசு. அரையாண்டு லீவுக்குத் திருவாரூர்ல பெரியம்மா வீட்டுல இருந்தான். அப்பா தப்பிச்சுட்டார். மீன் ஏலத்துக்குக் கரையில நின்ன அத்தை வரல. அதுக்கப்புறம் அவங்க குடும்பத்துக்குக் கிடைச்ச புது வீடு கரையில இருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ள. பாதுகாப்பு. ஆனா போட்டும் வலையும் கரையிலதான். அவங்க அப்பா இன்னைக்கும் விடிகாலை மூணு மணிக்கு பைக் எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போறார். அவரோட தினசரி ரோடு அந்த ரெண்டு கிலோமீட்டர். கிழக்கே போய், மேற்கே திரும்பி வர்றது.

நான் 600 கிலோமீட்டருக்கு ஷீட் போட்டேன். அந்த ரெண்டு கிலோமீட்டர் எனக்குத் தெரியவே இல்ல.

கடைசி ஸ்டாப்

தனுஷ்கோடியும் இதே கதைதான். 1914-ல பாம்பன் பாலம் திறந்தப்போ, மெட்ராஸ்ல ரயில் ஏறி, தனுஷ்கோடியில ஸ்டீமர் மாறி, தலைமன்னார்ல மறுபடி ரயில் பிடிச்சுக் கொழும்பு போகலாம். அந்த ஊர் ஒரு கடைசி முனை கிடையாது, நடுவுல இருந்த ஜங்ஷன். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல் ஊரையும், அங்க வந்துக்கிட்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் எடுத்துக்கிட்டுப் போச்சு. ரயில்ல இருந்த யாரும் பிழைக்கல. இப்போ அரிச்சல்முனை வரைக்கும் நல்ல ரோடு இருக்கு. அங்க நின்னு செல்ஃபி எடுக்கும்போது 'இந்தியாவின் முடிவு'ன்னு கேப்ஷன் போடுவோம். ஐம்பது வருஷம் அது வழியில இருந்த ஊர்.

மாத்தின ஷீட்

நாலு நாள் ட்ரிப் இப்போ ஆறு நாள். ஊர்களைக் குறைச்சுட்டோம். 'எவ்வளவு நேரம்' காலத்தைத் தூக்கிட்டு ரெண்டு புது காலம் போட்டேன்: கிழக்கே என்ன இருந்துச்சு, மேற்கே என்ன இருந்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது ஈசிஆரை விட்டு இடது பக்கம் தண்ணி வரைக்கும் போகணும், ஒரு தடவையாவது வலது பக்கம் ஆத்தோரமா உள்ள போகணும். இதுதான் ரூல்.

நாகையில நினைவிடம் பின்னைத் தூக்கிட்டேன். அதுக்குப் பதிலா நண்பனே ஒரு வரி சேர்த்தான்: "எங்க வீடு. ராத்திரி தங்கல். காலைல மூணு மணிக்கு அப்பாகூட கரைக்கு." நேரம் காலியா விட்டிருக்கான்.

நீங்களும் இந்தக் கரையில ட்ரிப் போட்டா, ஸ்டாப்புக்கு முன்னாடி அந்த ஊர்ல யாராவது ஒரு பெரியவர்கிட்ட "நீங்க சின்ன வயசுல எந்த ஊருக்குப் போவீங்க, எதுல போவீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. கிடைக்கிற பதிலை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ட்ரிப் முடிஞ்சு வந்ததும் ஒரு எபிசோட்ல சேர்த்துக் கேட்போம்.

அதுவரைக்கும், பத்திரமா ஓட்டுங்க.