பழைய பேக்கிங்

கண்ணமங்கலத்தில் கேஸ்கெட் என்ற சொல்லை நான் சின்ன வயதில் கேட்டதே இல்லை. எல்லாருக்கும் அது பேக்கிங்தான். வேலூரிலிருந்து வரும் சாலை எங்கள் ஊரில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஆரணிக்குப் போகும். இன்னொன்று சந்தவாசல், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு. மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. அந்தக் கூட்ரோட்டுக்குப் பக்கத்தில்தான் என் தாய்மாமா கொட்டகை போட்டு அம்பாசிடர், ஜீப் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்க நான் அங்கே போய்விடுவேன்.

கொட்டகையின் பின்சுவரில் வரிசையாக ஆணிகள். அவற்றில் பழைய பேக்கிங்குகள் மாலை மாதிரி தொங்கும். கழற்றிய எதையும் மாமா தூக்கிப்போட்டு நான் பார்த்ததில்லை. "இருக்கட்டும்டா, அது இன்னா சோறா கேக்குது?" என்பார்.

பேக்கிங் என்ற சொல்லே காரைவிட மூத்தது. ஜேம்ஸ் வாட் காலத்து நீராவி எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றிச் சணல் திரியைக் கொழுப்பில் தோய்த்துத் திணித்தார்கள், ஆவி கசியாமல் இருக்க. திணிப்பதுதான் பேக்கிங். எங்கள் பக்கத்துக்கு நீராவி வந்தது 1856-ல். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய வருடம் அது. ரயில் பட்டறைகளில் புழங்கிய சொற்கள் பிறகு பஸ்ஸுக்கும் லாரிக்கும் வந்து சேர்ந்தன. திணிக்கிற வேலை போய், இரண்டு இரும்புக்கு நடுவில் வைத்து முடுக்குகிற வேலை வந்த பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை.

எஞ்சினில் பல வகைப் பேக்கிங் உண்டு. வாட்டர் பம்புக்கும் கார்ப்பரேட்டருக்கும் காகிதம். டேப்பட் கவருக்குத் தக்கை. காகிதப் பேக்கிங்கை மாமா கடையில் வாங்கியதே கிடையாது. கல்யாணப் பத்திரிகை அட்டை, காலண்டர் அட்டை, எது கிடைத்தாலும் பாகத்தின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பில் மெல்லத் தட்டுவார். இரும்பின் ஓரமே கத்தியாகி அட்டையை வெட்டிவிடும். போல்ட் ஓட்டைக்குச் சைக்கிள் பால்ரஸ் குண்டை வைத்து ஒரு தட்டு. அப்புறம் இரண்டு பக்கமும் ஷெல்லாக் தடவி வைத்து மூடிவிடுவார். ஷெல்லாக் என்பது நம் அரக்குதான். ஒரு பூச்சி மரக்கிளையில் சுரப்பது. உலகத்துக்கு அதைப் பெருமளவில் அனுப்பியது இந்தியா. முருகன் படம் போட்ட காலண்டரும் பூச்சியின் பிசினும் சேர்ந்து எத்தனையோ பிரிட்டிஷ் வடிவமைப்பு எஞ்சின்களில் தண்ணீரைக் கட்டி நிறுத்தியிருக்கின்றன.

ஹெட் பேக்கிங் மட்டும் வேறு விஷயம். எஞ்சின் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உட்காருவது அது. ஒரே தகட்டில் மூன்று காவல்: சிலிண்டருக்குள் வெடிக்கிற வாயு, ஓடுகிற ஆயில், சுற்றி வரும் தண்ணீர். மூன்றும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அந்தக் காலத்து ஹெட் பேக்கிங் பெரும்பாலும் இரண்டு மெல்லிய செம்புத் தகடுகள், நடுவே ஆஸ்பெஸ்டாஸ். அதைக்கூட மாமா கழற்றி, துடைத்து, சில்வர் பெயிண்ட் அடித்து மறுபடி போடுவார். தனிச் செம்பு வாஷர் என்றால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும். செம்போ இளகிக்கொடுக்கும். நசுங்கி விறைத்துப்போன வாஷர் மறுபடி புதுசு மாதிரி ஆகிவிடும். எனக்கு அது மந்திரமாகத் தெரிந்தது.

இதைக் கஞ்சத்தனம் என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். அன்றைய நிலைமையைப் பார்க்க வேண்டும். 1957-ல் நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. அதே வருடத்தில்தான் அம்பாசிடர் வந்தது. அதற்கு முந்தைய வருடம் தொடங்கிய டால்பிராஸ் மாதிரிச் சில கம்பெனிகள் உள்நாட்டிலேயே கேஸ்கெட் செய்தன. ஆனால் அது கண்ணமங்கலம் கூட்ரோடு வரை வந்து சேர வேண்டுமே. வேலூரில் இல்லையென்றால் மெட்ராஸ் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கேயும் இல்லையென்றால் புதுப்பேட்டை. போய்வர ஒரு நாள், பஸ் சார்ஜ், அதற்குள் வண்டிக்காரருக்கு ஒரு நாள் வாடகை நஷ்டம். ஆடி வெள்ளிக்குப் படவேட்டு அம்மன் கோயிலுக்கு ஜனங்கள் காத்துக்கொண்டிருக்கும்போது எந்த டாக்சிக்காரர் பேக்கிங்குக்காகக் காத்திருப்பார்?

அதோடு, பழைய பேக்கிங் பெரும்பாலும் தாங்கியது. இதற்குக் காரணம் இருக்கிறது. எவ்வளவு வழவழப்பாகக் கடைந்தாலும் உலோகத்தில் மேடு பள்ளம் இருக்கும். பேக்கிங் அழுத்தத்தில் நசுங்கி அந்தப் பள்ளங்களில் புகுந்துகொள்கிறது. ஒருமுறை நசுங்கியது முழுசாக எழும்பாது. ஆனாலும் அம்பாசிடரில் பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. சூடானால் இரண்டும் ஒரே அளவில் விரியும், ஒரே அளவில் சுருங்கும். நடுவில் இருப்பதற்கு உராய்வு குறைவு. அதே பிளாக், அதே ஹெட், அதே இடம் என்றால் பழைய தழும்பு பழைய பள்ளத்திலேயே போய் உட்கார வாய்ப்பு உண்டு. மாமா இதை ஒரே வரியில் சொல்வார்: "ரெண்டும் ஒரே சாதி இரும்புடா. ஒண்ணா வளருது, ஒண்ணா அடங்குது. நடுவுல இருக்கிறவனுக்கு இன்னா கஷ்டம்?"

இந்த ஞானத்தை அப்படியே எடுத்துக்கொண்டுதான் நான் ஏமாந்தேன். 2003-ல் என்னிடம் ஒரு பழைய மாருதி 800 இருந்தது. வால்வு வேலைக்காக ஹெட்டை நானே வீட்டு வாசலில் கழற்றினேன். பேக்கிங் பார்வைக்கு நன்றாக இருந்தது. துடைத்தேன், சில்வர் பெயிண்ட் அடித்தேன், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒழுங்காகவே போல்ட் முடுக்கினேன். பத்து நாள் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தி, ஆறவிட்டு, ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் காபி மாதிரி ஆயில். தண்ணீர் கலந்துவிட்டது. பின்சீட்டில் மனைவியும் கைக்குழந்தையும்.

மாமாவிடம் போய் நின்றேன். திட்டவில்லை. ஹெட்டைக் கையில் வாங்கி எடையைப் பார்த்தார். "இது அலுமினியம் மாப்ள. அடியில இரும்பு. இதுக்கு எவன்டா பழச போடச் சொன்னான்?" அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் ஹெட் பேக்கிங்கின் மேல் தேய்ந்து நகர்கிறது. ஏற்கெனவே நசுங்கிய பேக்கிங் அந்த நகர்வுக்கு ஈடுகொடுக்காது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, ஹெட் வளைந்து, வேலூரில் கடைசல் போட்டு, அதைப்போலப் பல மடங்கு செலவழித்தேன்.

மாமாவின் பழக்கத்தைத்தான் நான் படித்திருந்தேன், கணக்கைப் படிக்கவில்லை. அவர் எதை மறுபடி போடலாம் என்று பொருளைக் கேட்டார். நான் பர்ஸைக் கேட்டேன். செம்பு வாஷர் காய்ச்சினால் திரும்பி வரும். டேப்பட் கவரின் ரப்பர் வளைத்தால் வெடிக்காமல் இருந்தால் இன்னொரு முறை போடலாம். காகிதத்தைப் புதிதாக வெட்டிக்கொள்ளலாம், அதுவும் அதே கனத்தில். கனம் மாறினால் ஏசி பம்பின் கை வீச்சு மாறிப் பெட்ரோல் வருவதும் மாறிவிடும். இன்றைய வண்டிகளில் உள்ள பல அடுக்கு எஃகு ஹெட் பேக்கிங்கில் மெல்லிய ரப்பர் பூச்சும் புடைப்பு வரிகளும் உண்டு. ஒருமுறை முடுக்கினால் அதன் ஆயுள் அங்கேயே எழுதப்பட்டுவிடும். பல வண்டிகளில் ஹெட் போல்ட்டும் அப்படித்தான். இழுபட்டு நீண்டது மறுபடி அதே பிடியைத் தராது.

ஆனால் மாமாவின் கணக்கிலும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. செம்புக்கு நடுவில் இருந்த அந்த வெள்ளை நார். ஓரம் பிரிந்த பேக்கிங்கை அவர் எமரித் தாளால் தேய்ப்பார். பிளாக்கில் ஒட்டியிருந்ததை ஒடிந்த ஆக்ஸா பிளேடால் சுரண்டி, வாயால் ஊதுவார். தூசி என் முகத்தில் பறக்கும். எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் அந்நியப் பொருள் அல்ல. கொட்டகைக் கூரையே அதுதான். கடப்பை மாவட்டத்துப் புலிவெந்துலா பகுதியில் அதை வெட்டி எடுத்தார்கள். 1977-லேயே உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பதிவு செய்துவிட்டது. 1995 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை 40 வருடம் வைத்திருக்கச் சொன்னது. நோய் வெளிப்பட அவ்வளவு காலம் ஆகலாம் என்பதால். அந்தத் தீர்ப்பு சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் பொருந்தியது. கூட்ரோட்டுக் கொட்டகையில் யார் பதிவேடு வைப்பார்கள்? ஐரோப்பிய நாடுகள் 2005-க்குள் அந்தப் பொருளையே தடை செய்தன. இங்கே இன்னும் இறக்குமதி ஆகிறது.

மாமா 2009-ல் போனார். கடைசி இரண்டு வருடம் மூச்சுக்குத் தவித்தார். போன இடத்திலெல்லாம் "பீடி பிடிப்பாரா?" என்று கேட்டார்கள். பிடிப்பார் என்றோம். அதோடு பேச்சு முடிந்தது. இன்ன நோய்தான் என்று நான் எதையும் நிரூபிக்க முடியாது. என்ன வேலை செய்தார், எதை ஊதினார் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கொட்டகையைப் பிரித்தபோது ஆணிகளில் தொங்கியவற்றைக் கழற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டினேன். எண்ணிப் பார்த்தேன், 41. நாற்பதைப் புதைத்தேன். காய்ச்சி எடுத்த ஒரு செம்பு வாஷர் மட்டும் என் மேஜையில் இருக்கிறது. இப்போதும் வண்டி வேலை நானேதான் செய்கிறேன். ஹெட் பேக்கிங் மாற்றினால், பழையதை இரண்டாக மடக்கிவிட்டுத்தான் குப்பையில் போடுகிறேன். ஆணியைத் தேடி யாரும் மாட்டிவிடக் கூடாது.