ஆர் மொழியின் உதவிப் பக்கங்கள்: 2009 ஓர் எல்லைக்கோடா?

ஆக்லாந்து பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர் மொழியின் ஆவண முறையைப் பற்றி எழுதப் புகும் எவரும் டங்கன் மர்டாக், சைமன் உர்பனெக் ஆகியோரின் கட்டுரையைத் தவிர்க்க முடியாது. 2009 டிசம்பரில் ‘ஆர் ஜர்னல்’ இதழில் வந்த அக்கட்டுரை, 2.10.0 பதிப்பில் உதவி முறை அடைந்த மாற்றத்தை விளக்குகிறது. அதுவரை ஒரு தொகுப்பை நிறுவும்போதே ஆர்டி எனப்படும் அதன் ஆவண மூலக் கோப்புகளை பெர்ல் நிரல்கள் எச்டிஎம்எல், லேடெக், வெற்றுரை எனப் பல வடிவங்களாக்கி வட்டில் எழுதிவைத்தன. அதன் பின்னர், பகுத்த மூலம் சேமிக்கப்பட்டது. வாசகர் கேட்கும் கணத்தில், ஆருக்குள்ளேயே இயங்கும் சிறு வலைச் சேவையகம் பக்கத்தை ஆக்கித் தந்தது. இந்த விவரிப்பை அப்படியே ஏற்றால், முன்கூட்டி ஆக்கிவைத்த நிலைத்த பக்கம் 2009-உடன் வழக்கொழிந்தது என்று முடிவுகட்டத் தோன்றும். 2018-இல் ஆர் தொகுப்புகளின் களஞ்சியமான சிரானுக்கு வந்த பேக்கேஜ்டவுன் என்ற கருவி, தொகுப்புக்கொரு நிலைத்த இணையதளம் என்ற நடைமுறையைப் பரப்பியதும் ஜெக்கில் போன்ற நிலைத்த தள ஆக்கக் கருவிகளிடமிருந்து பெற்ற இரவலாகவே படும். இவ்விரு முடிவுகளையும் இக்கட்டுரை மறுக்கிறது.

மர்டாக்கும் உர்பனெக்கும் செய்தது சிறிய வேலையன்று. வெறும் உருத்தேடலை நம்பிய பெர்ல் நிரல்களுக்குப் பதிலாக முறையான இலக்கணப் பகுப்பி வந்ததால், ஆர்டி கோப்பின் பிழைகள் முதன்முறையாகத் தெளிவாகப் பிடிபட்டன. ஆனால் பக்கத்தைக் கேட்கும்போது ஆக்கித் தருவது என்ற முடிவுக்குப் பின்னால் இருந்த தேவை வேறு. ஒருவரது கணினியில் தொகுப்புகள் இரண்டு மூன்று கோப்பகங்களில் சிதறிக் கிடக்கும். ஒரு தொகுப்பின் பக்கத்திலிருந்து இன்னொன்றின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க வேண்டுமானால், அது எங்கே நிறுவப்பட்டுள்ளது என்பது எழுதும்போது தெரியாது. விண்டோஸில் இந்த இணைப்புகளைச் சரிசெய்யத் தனிச் செயற்கூறே இருந்தது. சேவையகம் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆகவே 2009-இல் தோற்றது தனிக் கணினியில் உறுதியற்ற முகவரி. பக்கத்தை முன்கூட்டி ஆக்கும் வழக்கத்தில் அக்குறை இல்லை.

இதற்கு வலுவான சான்று அதே 2.10.0 பதிப்பிலேயே கிடைக்கிறது. ஆர்டி கோப்புக்குள் நிரல்வரியை எழுதி, அதன் விடையைப் பக்கத்தில் பதிக்க உதவும் எஸ்-எக்ஸ்பர் என்ற கட்டளை அப்போது அறிமுகமானது. அதற்கு ‘கட்டம்’ என்றொரு தெரிவு உண்டு. தொகுப்பைக் கட்டும்போது, நிறுவும்போது, பக்கத்தைக் காட்டும்போது என மூன்று மதிப்புகளில் ஒன்றை ஆசிரியர் தரலாம். எதையும் தராவிட்டால் நிறுவும் கட்டமே கொள்ளப்படும். முழு ஓட்டமும் இயங்கு பக்கத்தை நோக்கியதாக இருந்திருந்தால், காட்டும் கட்டமே இயல்பான மதிப்பாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. வாசகர் வருவதற்கு முன்பே உள்ளடக்கம் உறைந்துவிட வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பு, புதிய முறையின் உள்ளேயே இயல்பு நிலையாக நிற்கிறது. வாசகரின் கணினி ஒவ்வொரு முறையும் நிரலை ஓட்டக் கூடாது என்ற வேகக் கணக்கே இதற்குக் காரணம் என்று மறுக்கலாம். அந்த மறுப்பை ஏற்றாலும் வாதம் குலையாது: வேகத்துக்காக முன்கூட்டி ஆக்குவதுதான் நிலைத்த தளங்களின் அடிப்படையே.

உதவிப் பக்கத்தின் வடிவம் எங்கிருந்து வந்தது என்பதற்கான தொடக்கக் காலச் சான்றுகள் இவ்வளவு திடமானவை அல்ல. ஆர் பிறந்த ஆண்டையே 1991 என்பாரும் உண்டு, 1993 என்பாரும் உண்டு. 1995 ஜூனில் மூலநிரல் குனு பொது உரிமத்தில் வெளியானது உறுதி. ஆர்டி வடிவம் நிலைபெற்றதை 1997-இல் ஆரின் மையக் குழு அமைந்ததை ஒட்டிய காலம் என்பதற்கு மேல் நெருக்கிச் சொல்ல நான் துணியவில்லை. அவ்வடிவம் ஆக்லாந்தின் தனிச் சொத்தும் அன்று. வியன்னாவிலும் சூரிக்கிலும் இருந்தவர்களின் கையும் அதில் உண்டு. ஆருக்கு முன்னோடியான, பெல் ஆய்வகத்தில் உருவான எஸ் மொழியின் ட்ராஃப் வடிவ ஆவணங்களை ஆர்டிக்கு மாற்ற ஒரு நிரல் ஆருடனேயே வந்தது. பெயர், விளக்கம், பயன்பாடு, மதிப்பு, எடுத்துக்காட்டு என்ற பகுப்பு பெல் ஆய்வகத்திலிருந்து வந்த சொத்து என்பதை அது காட்டுகிறது. பேக்கேஜ்டவுனின் குறிப்புப் பக்கங்களில் இன்று காண்பதும் ஏறக்குறைய இதே பகுப்புதான்.

ஆக்லாந்தில் முதுகலை பயின்ற ஹேட்லி விக்கம் முதலில் ஸ்டேட்டிக்டாக்ஸையும் பின்னர் பேக்கேஜ்டவுனையும் எழுதினார். 2008-இல் வந்த ஜெக்கிலும் கிட்ஹப்பின் இலவச இடமும் இத்தளங்கள் பெருக வழிவகுத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜெக்கில் எழுத்தாளர் புதிதாக எழுதும் பக்கத்தை எதிர்பார்க்கிறது. பேக்கேஜ்டவுனோ ஏற்கெனவே இருக்கும் ஆர்டி கோப்புகளை எடுத்து, எடுத்துக்காட்டுகளை ஓட்டி, விடைகளோடு ‘டாக்ஸ்’ கோப்பகத்தில் எழுதிவைக்கிறது. பிற தொகுப்பின் தள முகவரியை அதன் விவரக் கோப்பிலிருந்து அறிந்து இணைப்பும் தருகிறது. 2009-இல் இல்லாத உறுதியான முகவரி இப்போது கிடைத்துவிட்டது. பழைய வழக்கத்தைத் தடுத்த ஒரே காரணம் நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் சிரான் களஞ்சியம் ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்கூட்டி ஆக்கிய பிடிஎஃப் கையேட்டை நிறுத்தவில்லை. நிறுவும் கட்டளையோடு எச்டிஎம்எல் தெரிவைச் சேர்த்தால், நிலைத்த பக்கங்கள் இன்றும் வட்டில் எழுதப்படுகின்றன.