காணியும் மொழியும்: நியூ மெக்சிகோ மாநிலமான கதை

ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு எமக்குப் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. 1620இல் ஒரு கப்பல் வந்து சேர்கிறது. பதின்மூன்று குடியேற்றங்கள் உருவாகின்றன. பிறகு வண்டிகளும் புகையிரதமும் மேற்கு நோக்கிப் போகின்றன. நாம் பார்த்து வளர்ந்த கௌபோய்ப் படங்களும் அந்தத் திசையிலேயே ஓடின. ஆனால் அந்தக் கப்பல் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1610 அளவில், சாந்தா ஃபே ஒரு ஸ்பானிய மாகாணத்தின் தலைநகராகிவிட்டது. நியூ மெக்சிகோவின் காலனித்துவ வரலாறு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்த ஒன்று.

மொழியுரிமை பற்றிய விவாதங்களில் இம்மாநிலத்தின் அரசியலமைப்பு ஒரு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. ஆங்கிலம் தெரியாத காரணத்தால் எவருடைய வாக்குரிமையும் பறிக்கப்படலாகாது என்று 1910இலேயே எழுதி வைத்த அரசியலமைப்பு அது. இந்த மெச்சலில் பாதி உண்மை இருக்கிறது என்பதே என் கருத்து. மற்றப் பாதியைக் காண வேண்டுமானால் மொழியை விட்டுக் காணியைப் பார்க்க வேண்டும்; அரசியலமைப்பை எழுதிய மேசையில் யார் இருந்தார்கள், யார் இருக்கவில்லை என்றும் பார்க்க வேண்டும்.

கைப்பற்றல்

ரியோ கிராண்டே ஆற்றை அண்டி, மண்ணாலும் கல்லாலும் கட்டிய மாடிக் குடியிருப்புகளில் சோளமும் அவரையும் பயிரிட்டு வாழ்ந்த பூர்வீகக் குடிகளை ஸ்பானியர் 'புவேப்ளோ' என்றழைத்தனர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் கிராமம் என்று பொருள். உண்மையில் அவர்கள் ஒரே இனக்குழுவினர் அல்லர். பல மொழிகளைப் பேசிய, தத்தம் ஊரைத் தாமே ஆண்ட மக்கள்.

1598இல் ஹுவான் தெ ஒன்யாத்தே படைவீரரையும் குடியேறிகளையும் பாதிரிமாரையும் அழைத்துக்கொண்டு அங்கு வந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் ஆக்கோமா என்னும் மலைக்குன்று ஊரில் உணவு கேட்டுப் போன படையினருடன் மோதல் ஏற்பட்டது. ஒன்யாத்தேயின் மருமகனும் வேறு சில வீரர்களும் கொல்லப்பட்டனர். 1599 ஜனவரியில் ஸ்பானியப் படை ஆக்கோமாவை அழித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பிடிபட்ட, 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டிவிட்டு இருபது ஆண்டுகள் அடிமை வேலை என்று தீர்ப்பளிக்கப்பட்டது. இக்கொடுமைகளுக்காகப் பின்னர் ஒன்யாத்தே மெக்சிகோ நகரில் விசாரிக்கப்பட்டு, 1614இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, நியூ மெக்சிகோவிலிருந்து நாடுகடத்தப்பட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆள் தண்டிக்கப்பட்டார், ஆட்சி தொடர்ந்தது.

சோளமும் துணியும் வரியாக அறவிடப்பட்டன. கூலியில்லா வேலை வாங்கப்பட்டது. சடங்குகள் தடை செய்யப்பட்டன. வறட்சியும் பஞ்சமும் சேர்ந்துகொண்ட காலத்தில், 1675இல், புவேப்ளோச் சமயத் தலைவர்கள் 47 பேர் சூனியக் குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்டனர். சிலர் தூக்கிலிடப்பட்டனர்; ஏனையோர் சவுக்கடி பெற்றனர். அடிபட்டவர்களுள் ஒருவரான போப்பே, தாவோஸ் ஊரில் இருந்துகொண்டு ஒரு கிளர்ச்சியை ஒழுங்கு செய்தார். நாட்களை எண்ணுவதற்கு முடிச்சுப் போட்ட கயிறுகள் ஓட்டக்காரர் கையில் ஊர் ஊராகப் போயின. ஒரு நாளுக்கு ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். முடிச்சுகள் தீரும் நாளில் எழ வேண்டும். பொது மொழியும் பொது அரசும் இல்லாத ஊர்கள் 1680 ஆகஸ்ட் 10இல் ஒன்றாக எழுந்தன. 21 பாதிரிமார் உட்படச் சுமார் 400 ஸ்பானியர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் தெற்கே எல் பாசோவுக்கு ஓடினர்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1692இல், தியெகோ தெ வார்காஸ் தலைமையில் ஸ்பானியர் திரும்பி வந்தனர். எனவே கிளர்ச்சி தோல்வியடைந்தது என்று எழுதுவோர் உண்டு. நான் அதனை ஏற்கவில்லை. திரும்பி வந்த ஆட்சியால் பழைய திறைமுறையை மறுபடி நிலைநாட்ட முடியவில்லை; புவேப்ளோ ஊர்களின் காணிகளை அது அங்கீகரிக்க நேர்ந்தது; சடங்குகளைக் கண்டும் காணாமலிருக்கப் பழகிக்கொண்டது. புவேப்ளோ மக்கள் இன்றும் தம் பழைய இடங்களிலேயே வாழ்கிறார்கள் என்றால் அந்த எழுச்சிக்கு அதில் பெரும் பங்குண்டு.

கைமாறல்

1821இல் மெக்சிகோ சுதந்திரம் பெற்றதும் நியூ மெக்சிகோ அதன் ஒரு பகுதியாயிற்று. அதே ஆண்டில் மிசூரியிலிருந்து சாந்தா ஃபேக்கு வணிகப் பாதை திறந்தது. வணிகர் வந்த பாதையால் கால் நூற்றாண்டின் பின் இராணுவம் வந்தது. 1846 ஆகஸ்டில் ஜெனரல் ஸ்டீபன் கேர்னி ஒரு குண்டுகூடச் சுடாமல் சாந்தா ஃபேயைப் பிடித்தார்.

எதிர்ப்பே இல்லாத கைப்பற்றல் என்று இது வர்ணிக்கப்படுகிறது. ஐந்து மாதங்கள்கூடப் பொறுத்துப் பார்த்தால் வேறு கதை. 1847 ஜனவரியில் தாவோஸில் ஸ்பானிய மொழியினரும் புவேப்ளோ மக்களும் சேர்ந்து கிளர்ந்தெழுந்து, அமெரிக்கர் நியமித்த ஆளுநர் சார்ள்ஸ் பென்றைக் கொன்றனர். இராணுவம், மக்கள் தஞ்சம் புகுந்திருந்த தாவோஸ் தேவாலயத்தைப் பீரங்கியால் தகர்த்தது. பிறகு நடந்த வழக்குகளில் நீதிபதிகளில் ஒருவரின் மகன் அதே கிளர்ச்சியில் கொல்லப்பட்டவன். பெரிய ஜூரியின் தலைவர் பென்றின் சகோதரர். தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவர் மீதான குற்றச்சாட்டு அமெரிக்காவுக்கு எதிரான இராஜத்துரோகம். போர் முடியவில்லை, ஒப்பந்தம் எதுவும் எழுதப்படவில்லை, அவர் அப்போது சட்டப்படி மெக்சிகோப் பிரஜை. தாம் சேராத ஒரு நாட்டுக்கு ஒருவர் எப்படித் துரோகம் செய்ய முடியும்? வாஷிங்டனில் இருந்த போர்ச் செயலாளரே அக்குற்றச்சாட்டுப் பிழையானது என்று பின்னர் ஒப்புக்கொண்டார். அதற்குள் தூக்கு நிறைவேறிவிட்டது.

1848 பெப்ரவரி 2இல் குவாதலூப்பே ஹிதால்கோ ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கா 15 மில்லியன் டொலர் கொடுத்து மெக்சிகோவின் வடபகுதியைப் பெற்றது. அங்கிருந்தோர் ஓராண்டுக்குள் மெக்சிகோக் குடியுரிமையைத் தெரிவுசெய்யாவிட்டால் அமெரிக்கப் பிரஜைகளாவர். அவர்களின் சொத்து மதிக்கப்படும் என்று எழுதப்பட்டது. ஆனால் பழைய காணிக் கொடைகள் செல்லும் என்று வெளிப்படையாகச் சொன்ன பத்தாம் உறுப்புரையை அமெரிக்க செனற் வெட்டி எறிந்தது. மாநில அந்தஸ்து எப்போது கிடைக்கும் என்ற கேள்வி, கொங்கிரஸ் தகுந்தது எனக் கருதும் காலத்துக்கு விடப்பட்டது. அந்தத் தகுந்த காலம் வர 64 ஆண்டுகள் பிடித்தன.

காணி

1850இல் நியூ மெக்சிகோ ஓர் 'ஆள்புலம்' ஆக்கப்பட்டது. ஆளுநரையும் நீதிபதிகளையும் வாஷிங்டன் நியமிக்கும்; ஜனாதிபதித் தேர்தலில் மக்களுக்கு வாக்கில்லை.

ஸ்பானிய, மெக்சிகோ ஆட்சிகளில் காணிக் கொடை பலவேளை ஒரு குழுவுக்கே வழங்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மனையும் வாய்க்காலோடு ஒட்டிய வயல் துண்டும் சொந்தம். மேய்ச்சல் தரையும் காடும் எல்லாருக்கும் பொது. ஆடு மேய்த்துப் பிழைத்த ஊருக்குப் பொதுக்காணிதான் உயிர். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்ததோ தனியாள் பெயரிலுள்ள உறுதி மட்டுமே. உறுதிப்படுத்தல் வழக்குகள் பல பத்தாண்டுகள் இழுபட்டன. காசில்லாத ஊரவர் சட்டத்தரணிக்குக் காணியையே கூலியாகக் கொடுத்தனர். பங்காளி ஒருவர் கேட்டாலே முழுக் காணியையும் விற்றுப் பிரிக்க 1876ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஒரு பங்கை வாங்கினால் போதும், ஊரையே ஏலத்துக்குக் கொண்டுவரலாம். இவ்வாறு வளர்ந்த சட்டத்தரணிகளில் முதன்மையானவர் தோமஸ் கற்ரன்.

1889இலும் 1890இலும் சான் மிகேல் மாவட்டத்தில் 'வெள்ளைத் தொப்பிகள்' என்னும் இரவுக் குழுவினர் பொதுக்காணியை அடைத்த முட்கம்பி வேலிகளை வெட்டினர். புகையிரதப் பாதைக்கான மரக்கட்டைகளை எரித்தனர். அரசின் பதில் 1891இல் அமைத்த காணி நீதிமன்றம். 1904 வரை இயங்கிய அந்த நீதிமன்றத்தின் முன் ஏறத்தாழ 35 மில்லியன் ஏக்கர் கோரப்பட்டது. ஏறத்தாழ 2 மில்லியன் ஏக்கர் ஏற்கப்பட்டது. பொதுக்காணி ஊருக்குரியதல்ல, பழைய அரசுக்குரியது, ஆகவே இப்போது அமெரிக்க அரசுக்குரியது என்று 1897இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்த வழக்கில் சம்பந்தப்பட்ட கொடை 3,15,000 ஏக்கரிலிருந்து சுமார் 5,000 ஏக்கராகச் சுருங்கியது.

காணியை இழந்தவர்களின் கைகளும் சுத்தமானவை அல்ல என்பதை நாம் மறைக்கக் கூடாது. நாடோடிக் குடிகளின் பிள்ளைகளைப் பிடித்தும் விலைக்கு வாங்கியும் வீட்டு வேலைக்கு வைத்தது அதே சமூகம். 1863இலும் 1864இலும் நவஹோ மக்களின் சோளத்தையும் பழமரங்களையும் அழித்து, ஆயிரக்கணக்கானோரைப் பொஸ்கே ரெடொண்டோ முகாமுக்கு நடக்கவைத்த கிற் கார்சனின் படையில் ஸ்பானிய மொழி பேசிய தொண்டர்களும் இருந்தனர். தோற்கடிக்கப்பட்டு இருபது ஆண்டுகூட ஆகாதவர்கள் அவர்கள். நவஹோக்கள் 1868 ஒப்பந்தத்தின் மூலம் தம் நிலத்தின் ஒரு பகுதிக்குத் திரும்பினர்.

மாநிலம்

மாநில அந்தஸ்து தாமதமானதற்குக் கட்சிக் கணக்குகளும் காரணம். ஆனால் அடியில் ஓடியது இனமும் மொழியும் மதமும்தான். 1902இல் செனற்றர் அல்பேர்ட் பெவரிட்ஜ் தம் குழுவோடு வந்து, நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் இருப்பதையும் பிள்ளைகள் ஸ்பானிய மொழி பேசுவதையும் தகுதியின்மைக்குச் சான்றுகளாகச் சேகரித்துக்கொண்டு போனார். 1906இல் அரிசோனாவையும் நியூ மெக்சிகோவையும் ஒரே மாநிலமாக்க வாக்கெடுப்பு நடந்தபோது நியூ மெக்சிகோ ஆம் என்றது. ஸ்பானிய மொழியினரின் பெரும்பான்மைக்குள் அடங்க விரும்பாத அரிசோனா இல்லை என்றது.

1910இல் அரசியலமைப்புப் பேரவை சாந்தா ஃபேயில் கூடியது. நூறு பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஸ்பானிய மொழியினர். வாக்களிக்கவும் பதவி வகிக்கவும் ஜூரியில் அமரவும் மொழி தடையாகாது. ஸ்பானிய வழிப் பிள்ளைகளைப் பொதுப் பாடசாலைகளிலிருந்து விலக்கலாகாது. முதல் இருபது ஆண்டுகள் சட்டங்கள் இரு மொழிகளிலும் வெளிவர வேண்டும் என்று எழுதுவித்தனர். வாக்குரிமைப் பிரிவைத் திருத்த மாநிலம் முழுவதிலும் நான்கில் மூன்று பங்கு வாக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் வேண்டும் என்று பூட்டும் போட்டனர். இது சிறிய சாதனையல்ல. வாக்குப் பலம் கையிலிருந்த நேரத்தில் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அதே ஆவணம் 1848 ஒப்பந்த உரிமைகள் மாறாது காக்கப்படும் என்றும் சொன்னது. காணி நீதிமன்றம் தன் வேலையை முடித்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. காக்க வேண்டிய காணியில் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. 1912 ஜனவரி 6இல் நியூ மெக்சிகோ 47ஆவது மாநிலமாயிற்று. வாஷிங்டனுக்குப் போன முதல் இரு செனற்றர்களில் ஒருவர் தோமஸ் கற்ரன்.

மொழியைப் பூட்டிக் காத்த அரசியலமைப்பு, 'வரி செலுத்தாத இந்தியர்' என்ற சொற்றொடரால் புவேப்ளோ, நவஹோ, அப்பாச்சி மக்களை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. பெண்களுக்குப் பாடசாலைத் தேர்தல்களில் மட்டும் வாக்களித்தது. இஸ்லெற்றா புவேப்ளோவைச் சேர்ந்த மிகேல் துருஹீயோ, இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றிய ஆசிரியர், தம்மைப் பதிய மறுத்ததற்கு எதிராக வழக்காடி 1948இல் வென்ற பின்னரே அத்தடை விழுந்தது. போப்பேயின் கயிறு ஊர் ஊராகச் சென்று 268 ஆண்டுகள் கழிந்திருந்தன.

1910இன் பேரவையினரை நான் துரோகிகள் என்று சொல்ல வரவில்லை. நெருக்கடியில் உள்ள ஒரு சமூகம் தன்னை முதலில் காத்துக்கொள்வது இயல்பு என்று சிலர் வாதிடக்கூடும். அந்த வாதத்துக்கு என் கேள்வி இதுதான்: தாவோஸில் 1847இல் ஒன்றாகப் பீரங்கிக்கு முன் நின்றவர்களில் ஒரு பகுதியினர், 1910இல் மேசைக்கு வந்தபோது மற்றப் பகுதியினரை வாசலிலேயே நிறுத்தியது இயல்பா, தெரிவா? தெரிவு என்றே நான் கருதுகிறேன். உரிமைப் பட்டியல் எழுதும் எந்தச் சமூகமும் அதில் தன் பெயருக்குக் கீழே யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்க்கக் கடமைப்பட்டது. மாற்றுக் கருத்துள்ளோர் அடுத்த இதழில் எழுதுவார்களாக.